ஜவாதின் சோற்றுப் பெட்டிக் கெமரா

சாய்ந்தமருதில் பெண்கள் தயங்காமல் தங்கள் போனைத் திருத்தக் கொடுத்துவிட்டுப் போகும் கடை ஜவாதின் கடை. போனுக்குள் படம் வரத் தொடங்கிய காலத்திலிருந்தே அவர் ஒரு முறையைக் கைக்கொண்டிருந்தார். திருத்திய போனில் படங்கள் இருக்கும் பக்கத்தை அவர் திறப்பதில்லை. திரை வேலை செய்கிறதா என்று பார்க்கக் கணிப்பானைத் திறந்து, ஒன்று முதல் ஒன்பது வரை ஒவ்வோர் இலக்கமாக அழுத்துவார். கெமராவைச் சோதிக்கத் தன் பெருவிரலைப் படம் எடுப்பார். அந்தப் படத்தையும் போனுக்குரியவர் வந்த பிறகு அவர் கையாலேயே அழிக்கச் சொல்வார். ஊரில் அவருக்கு ‘ஒண்டு ரெண்டு ஜவாத்’ என்று பெயர் விழுந்தது இதனால்தான்.

ஒரு பெண்ணின் போனுக்குள் பிள்ளையின் பிறந்தநாள் இருக்கும், தங்கச்சியின் மருதோன்றிக் கை இருக்கும், தலையை மூடாமல் வீட்டுக்குள் சிரித்த முகம் இருக்கும். அதை ஓர் அந்நிய ஆணின் மேசையில் விட்டுப் போவதென்றால் அந்த ஆணைப் பற்றி ஊர் ஒரு முடிவுக்கு வந்திருக்க வேண்டும். ஜவாதைப் பற்றி ஊர் வந்த முடிவு பதினேழு வருடங்களில் உருவானது. கடையில் அதைவிடப் பெரிய முதல் இருக்கவில்லை. 2023ஆம் ஆண்டு ஜனவரி இருபதாம் திகதிக்கும் பெப்ரவரி பதின்மூன்றாம் திகதிக்கும் இடைப்பட்ட இருபத்து நான்கு நாட்களில் அது போயிற்று.

ஜவாத் பிறந்தது மருதமுனையில். றாபியாவைக் கலியாணம் முடித்து அவளுடைய வீட்டுக்கு வந்து சாய்ந்தமருதுக்காரரானார். இது நடக்கும்போது வயது நாற்பத்தாறு. ஒல்லியான தேகம், இடது கண்ணில் மூக்குக்கண்ணாடியின் மேல் மாட்டும் சிறு பூதக்கண்ணாடி. புகை பிடிப்பதில்லை, கரம்போர்ட் விளையாடுவதில்லை. அவருடைய ஒரே விளையாட்டு, எறிய வேண்டிய சாமான்களைச் சேர்த்து எறிய முடியாத ஏதாவது ஒன்றைச் செய்வது.

அப்படிச் செய்ததுதான் கெமரா. 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் கடை ஐம்பத்திரண்டு நாள் மூடியிருந்தது. பழைய வெப்கெம் ஒன்றின் கண்ணையும், உள்ளங்கையளவான ஒரு சிறு கணினிப் பலகையையும், வாகனத்தில் பின்னால் பார்க்கப் பூட்டும் திரை ஒன்றையும் எடுத்து, றாபியா கைவிட்ட ஓர் அலுமினியச் சோற்றுப் பெட்டிக்குள் பொருத்தினார். பெட்டியின் முன்பக்கத்தில் ஒரு துளை, மேலே ஒரு பொத்தான். படம் வந்தது. மங்கலாக, கொஞ்சம் நீலமாக வந்தது. ஆனாலும் அவருடைய படம்.

“கடையில கிடக்கிற போனெல்லாம் இதவிட நல்லா எடுக்குமே” என்றாள் றாபியா.

“அதெல்லாம் ஆரோ செஞ்சது.”

“சோத்துப் பெட்டி நான் வாங்கினது.”

“அதான் படத்துல கொஞ்சம் சோத்து வாசம் வருது” என்றார் ஜவாத்.

இரண்டு வருடங்களுக்கு மேலாக அதில் எதையாவது மாற்றிக்கொண்டே இருந்தார். வில்லையை மாற்றினார். பொத்தானை இடப்பக்கம் கொண்டுபோனார், திரும்பவும் வலப்பக்கம் கொண்டுவந்தார். 2022 டிசம்பர் இருபத்தேழாம் திகதி, செவ்வாய்க்கிழமை, கடைசி மாற்றத்தைச் செய்தார்.

தொலைக்காட்சி ரிமோட்டின் நுனியிலிருந்து ஓர் ஒளி வருகிறது. நம் கண்ணுக்கு அது தெரியாது. செங்கீழ்க் கதிர் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்தது. கெமராவின் கண்ணுக்கு அது தெரியும், ஆனால் தெரியாமல் இருக்கட்டும் என்று அதன் முன்னால் நகத்தைவிடச் சிறிய ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டி வைத்திருப்பார்கள். அந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டால் என்ன தெரியும் என்று பார்க்க ஜவாதுக்கு ஆசை. இரண்டு வெப்கெம்கள் இந்த ஆசையில் பாழாயின. மூன்றாவதில் கண்ணாடி நான்கு துண்டாக உடைந்து வந்தது, கண் பிழைத்தது.

இனி, சாதாரண வெளிச்சத்தை மறித்து அந்தக் கதிரை மட்டும் விட வேண்டும். வெளிச்சம் பட்டுக் கறுத்துப்போன பழைய நெகட்டிவ் சுருள் அதற்குப் போதும் என்று எங்கோ வாசித்திருந்தார். பாண்டிருப்பில் முன்பு ஸ்டூடியோ வைத்திருந்த செல்லத்தம்பியிடம் போனார்.

“இருபது வருசமா நெகட்டிவ் கேட்டு ஒருத்தனும் வரல்ல. நீ வந்து கெட்டுப்போனதக் கேக்கிறாய்” என்றார் செல்லத்தம்பி.

“கெட்டுப்போனதுதான் வேணும் அண்ணே. நல்லாக் கறுத்தது.”

“கறுத்தது ஒரு ரோல் கிடக்கு. கலியாணம் ஒண்டு. அண்டைக்கு மாப்பிள்ளைட தகப்பன் எனக்கு அடிக்க வந்தவர். கொண்டு போ, அந்தக் கலியாணத்தால ஆருக்காவது பிரயோசனம் வரட்டும்.”

அந்தச் சுருளில் இரண்டு துண்டை வெட்டி வில்லையின் மேல் ஒட்டினார். அன்று பின்னேரம் வீட்டு முற்றத்தில் முதல் படம். முருங்கை மரம் உப்புக் கொட்டியதுபோல் வெளுத்திருந்தது. வானம் கறுத்திருந்தது. உடுப்புக் கொடியில் றாபியா வெளியே போகும்போது மேலே உடுக்கும் கறுப்பு ஹபாயா காய்ந்துகொண்டிருந்தது. படத்தில் அது சாம்பல் கலந்த வெள்ளை. அடுப்படிச் சுவரில் சாய்த்திருந்த கரிச்சட்டி மட்டும் உள்ளபடி கறுப்பாகவே நின்றது. இரும்பின் கரி மாறவில்லை, துணியின் சாயம் மாறிவிட்டது. ஜவாத் அந்தப் படத்தை நீண்ட நேரம் பார்த்தார். முன்பு எடுத்து வைத்திருந்தவற்றின் வரிசையில் அதற்கு ‘12’ என்று இலக்கமிட்டு வைத்துக்கொண்டார்.

இந்தக் கெமராவால் பிரயோசனமும் வந்தது. றாபியாவின் தம்பி சுபியானுக்கு வரிப்பத்தான்சேனையில் மூன்று ஏக்கர் வெள்ளாமை. ஜனவரி எட்டாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை காலை, ஜவாத் அங்கே உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏறி நின்று வயலைப் படம் எடுத்தார்.

“என்ன மச்சான், வட்டை வயலெல்லாம் வெள்ளையாக் கிடக்கு?” என்றான் சுபியான், திரையில் மூக்கை முட்டிக்கொண்டு.

“சுகமான பயிர் இந்த ஒளியத் திருப்பி எறியும். வெள்ளையாத் தெரிஞ்சா நல்லம். இந்தா, நடுவுல பாரு.”

“கறுப்பா ஒரு வட்டம்.”

“அங்க என்னமோ சுகமில்ல.”

சுபியான் நிமிர்ந்து வயலைப் பார்த்தான். எங்கும் ஒரே பச்சை. சிரித்துக்கொண்டே இறங்கி நடந்தான். நடுவில் நின்று நெல்லைப் பிரித்துத் தூரடியைப் பார்த்தவன் சிரிப்பை நிறுத்தினான். தூரில் சாறு உறிஞ்சும் அறக்கொட்டிப் பூச்சி. ஒரு பிடி நெல்லில் பதினாறு எண்ணினார்கள். அன்றே தண்ணீரை வடித்தான், மறுநாள் மருந்தடித்தான். பத்தொன்பதாம் திகதி பக்கத்து வயல் வட்டம் வட்டமாகக் கருகிக் கிடந்தபோது சுபியானின் வயல் பச்சையாகவே நின்றது.

இந்தச் சந்தோசம்தான் பிழையைக் கொண்டுவந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து தேத்தண்ணிக் கடையில் சுபியான் நிலைகொள்ளாமல் வயல் கதையைச் சொன்னான். ஆறு பேர் இருந்தார்கள். “காட்டுங்க மச்சான், காட்டுங்க” என்று அவன் நச்சரிக்க, ஜவாத் கடைக்குப் போய்ப் பெட்டியைக் கொண்டுவந்தார். வெள்ளை வயலையும் கறுத்த வட்டத்தையும் எல்லாரும் பார்த்தார்கள். மீன் லொறி ஓட்டும் றிஸ்வான் தன்பாட்டில் பொத்தானை அழுத்திப் பழைய படங்களுக்குப் போய்க்கொண்டிருந்தான். பன்னிரண்டாம் படம் வந்தது.

“இதென்ன காக்கா, வெள்ளை உடுப்பு?” என்றான்; அண்ணனை ஊரில் காக்கா என்பார்கள்.

“வெள்ளை இல்ல, அது கறுப்பு ஹபாயா” என்றார் ஜவாத். முகத்தில் ஒரு கைதேர்ந்தவனின் பெருமை. “சட்டியப் பாரு, சட்டி கறுப்பு. ஹபாயா வெள்ளை. இந்தக் கெமராவுக்குச் சாயம் கண்ணுல படாது.”

“அப்ப உடுப்பும் படாதோ காக்கா?” என்றான் றிஸ்வான்.

ஆறு பேரும் சிரித்தார்கள். ஜவாதும் சிரித்தார். ‘இல்லை’ என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். கிண்டலுக்கு எதற்குப் பதில் என்று விட்டுவிட்டார்.

இருபத்து மூன்றாம் திகதி திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்குப் பஸ்மிலா டீச்சர் வந்தார். வியாழக்கிழமைதான் திரை வெடித்த போனைத் தந்திருந்தார். கடைக்குள் வரவில்லை. நிலையோரம், சுவர் மறைவில் நின்றார்.

“போனைத் தாங்க.”

“டிஸ்பிளே இன்னும் வரல்ல டீச்சர். நாளைக்கு வந்திரும்.”

“பரவால்ல. உடைஞ்சபடி தாங்க.”

“என்ன டீச்சர், ஏதாவது…”

“தாங்க காக்கா.”

போனைக் கொடுத்துவிட்டு, அவர் ஏன் அப்படி ஒடுங்கி நின்றார் என்று ஜவாத் திரும்பிப் பார்த்தார். மேசைக்குப் பின்னால் தட்டில் சோற்றுப் பெட்டி இருந்தது. அதன் துளை தெருவைப் பார்த்தபடி இருந்தது. எதிரே பெண் பிள்ளைகளின் டியூசன் வகுப்பு. மூன்று வாரமாக அது அப்படித்தான் இருந்திருக்கிறது. ஜவாத் எழுந்து பெட்டியைச் சுவர்ப் பக்கம் திருப்பினார்.

திருப்பியதை எதிரே பழக்கடை வைத்திருந்த ஜெஸீம் கண்டார். “இவ்வளவு நாளும் ரோட்டப் பாத்திருந்தத ஏன் இண்டைக்குத் திருப்பினான்?” என்று பின்னேரமே கேள்வி பிறந்துவிட்டது. திருப்பாமல் விட்டிருந்தால் அதற்கும் ஒரு கேள்வி பிறந்திருக்கும்.

கடையின் கொப்பியில் ஒவ்வொரு போனும் பெயரோடும் திகதியோடும் பதியப்படும். ஜனவரி முதல் இருபது நாளில் வந்தவை அறுபத்தொன்று; அவற்றுள் பெண்களுடையவை முப்பத்தெட்டு. அடுத்த பதினான்கு நாளில் வந்தவை பதினேழு, பெண்களுடையவை இரண்டு. அந்த இரண்டும் மருதமுனையிலிருந்து வந்த அவருடைய சொந்தச் சகோதரிகளின் போன்கள்.

வீட்டில் றாபியா இரண்டு நாள் கதைக்கவில்லை. உடுப்புக்குள் பார்க்கும் கெமரா என்ற கதை அவளுக்கு ஒரு கலியாண வீட்டில் வைத்துத் தெரிந்திருந்தது. பக்கத்தில் இருந்தவள் மெதுவாக எழுந்து வேறு கதிரைக்குப் போனாளாம். மூன்றாம் நாள் சோற்றைப் போட்டுவிட்டு நின்றபடி கேட்டாள்.

“என்ட ஹபாயாவையா தேத்தண்ணிக் கடையில ஆம்புளையளுக்குக் காட்டின?”

“கொடியில கிடந்த துணி றாபியா. ஆரும் உடுத்திருக்கல்ல.”

“ஒங்களுக்குத் துணி. நாளைக்கு அத உடுத்துட்டு நான்தானே ரோட்டால போறன்.”

 ஊரார் போனில் ஒரு படத்தைக்கூடத் திறக்காத மனுசன், தன் வீட்டுக் கொடியை ஆறு ஆண்களுக்குத் திறந்து காட்டியிருந்தார். அது அவருக்கு அந்தச் சோற்றின் முன்னால்தான் உறைத்தது.

பெப்ரவரி மூன்றாம் திகதி பின்னேர அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் அறைக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. பள்ளிவாசலை நிர்வகிக்கும் நம்பிக்கையாளர் சபையின் தலைவர் அதாவுல்லா ஹாஜியார் கோபக்காரரல்ல. “தம்பி ஜவாத், நம்மளுக்கு ஒன்னில சந்தேகமில்ல. சனத்துக்கு ஒரு பதில் சொல்லணும், அவ்வளவுதான்” என்று போனிலேயே சொல்லியிருந்தார்.

பதில் சொல்வதற்காக ஜவாத் அதற்கு முதல் நாள் ஒரு காரியம் செய்தார். அந்தக் கெமராவால் துணிக்குள் பார்க்க முடியாது என்று அவருக்கு நிச்சயம். ஆனாலும் ஒரு முறை பார்த்துவிட்டுச் சொல்வோம் என்று, சுவர்க் கலண்டரை எடுத்து ஒரு பலகையில் வைத்து, அதன் மேல் றாபியாவின் பழைய ஹபாயாவைப் போர்த்திப் படம் எடுத்தார். ஒன்றும் தெரியவில்லை. நிம்மதி. அடுத்து புதியது, மெல்லியது. ஒன்றும் தெரியவில்லை. அதோடு விட்டிருக்கலாம். அவரால் விட முடியாது. மெல்லிய துணியை ஒற்றை மடிப்பில் பலகையோடு இறுக்கி இழுத்து, நாலு பக்கமும் ஆணியடித்து, நடுவெயிலில் வைத்து எடுத்தார்.

பெப்ரவரி என்ற எழுத்தும், கீழே சில இலக்கங்களும், புகைக்குள் நிற்பதுபோல் மங்கலாகத் தெரிந்தன.

ஒன்பது தடவை எடுத்தார். ஒன்பது தடவையும் தெரிந்தது.

பள்ளிவாசல் அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். மேசையில் சோற்றுப் பெட்டியை வைத்தார்.

“ஒரு சொல்லுச் சொல்லு தம்பி” என்றார் ஹாஜியார். “இதால தெரியுமா, தெரியாதா?”

‘தெரியாது’ என்றால் முடிந்தது. ஐவரும் அந்தச் சொல்லுக்குத்தான் காத்திருந்தார்கள். ஜவாத் வாயைத் திறந்தார். ஒன்பது படங்கள் கண்ணுக்குள் வந்தன.

“உடுத்திருக்கிற உடுப்புல தெரியா ஹாஜியார். உள்ளுக்கு வேற உடுப்பு இரிக்கி, துணி உடம்புல இறுகிக் கிடக்கிறதுமில்ல. ஆனா, மெல்லிய துணிய ஒரு மடிப்பா இழுத்து, ஆணி அடிச்சி, நல்ல வெயில்ல வெச்சா, பின்னால கிடக்கிற கலண்டர் எழுத்து மங்கலாத் தெரியிது.”



“அப்ப தெரியும்” என்றார் ஓரத்தில் இருந்த ஒருவர்.

“ஆணி அடிச்சாத்தான்…”

“ஆணி கிடக்கட்டும் மனே. தெரியும்தானே?”

ஹாஜியார் நெற்றியைத் தடவிக்கொண்டார். “இப்பிடி விளக்கமாச் சொல்லச் சொல்லி ஆர் கேட்ட? பழையபடி ஆக்கேலாதா? எடுத்த கண்ணாடியத் திரும்ப ஒட்டேலாதா?”

“எடுக்கக்குள்ள நாலு துண்டா உடைஞ்சிட்டு ஹாஜியார்.”

உடைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஜவாத் தானாகவே சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். பெட்டியைத் திறந்து, அந்தக் கண்ணைக் கழற்றி மேசையில் வைத்து, திருப்புளியின் பிடியால் அடித்தார். கண் மூன்றாம் அடியில் நொறுங்கியது. படங்கள் இருந்த சிறு அட்டையையும் எடுத்து இரண்டாக மடித்து முறித்தார். வயல் படங்களும் அதில்தான் இருந்தன.

“முடிஞ்சுது” என்றார்.

ஹாஜியார் தூளைப் பார்த்துக்கொண்டிருந்தார். “உடைச்சிட்டாய் மனே. இனிச் சனத்துக்கு என்னத்தக் காட்டுற? ‘இந்தா பாருங்க, ஒண்டும் தெரியல்ல’ எண்டு காட்டவும் இனி ஒண்டுமில்லையே.”

ஜவாத் அதை நினைத்திருக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, பத்தாம் திகதி, ஜும்ஆவுக்குப் பிறகு ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். நல்லெண்ணத்தோடுதான் அறிவித்தார்கள். சம்பந்தப்பட்ட கெமரா அழிக்கப்பட்டுவிட்டது, சகோதரரின் நேர்மையில் யாரும் ஐயம் கொள்ள வேண்டாம், இதைப் பற்றி இனிப் பேச வேண்டாம். அதுவரை கேள்விப்படாத நாலு தெருவும் அன்று கேள்விப்பட்டது. ஒன்றுமில்லாவிட்டால் ஏன் உடைத்தார்கள் என்று அந்த நாலு தெருவும் கேட்டது.

அந்தக் கிழமை ஊரில் தையல்காரிகளுக்கு வேலை கூடியது. மேனுஜா என்ற தையல்காரி மட்டும் ஐந்து நாளில் இருபத்தாறு ஹபாயாக்களுக்கு உள்துணி வைத்துத் தைத்தாள். சனிக்கிழமை றிஸ்வான் கடைக்கு வந்து, “காக்கா, நான் பகிடிக்குச் சொன்னது” என்று தலையைச் சொறிந்தான். அவனுடைய போனில் ஒரு பழுதும் இல்லை. ஆனாலும் அதைத் திருத்தச் சொல்லி மேசையில் வைத்துவிட்டுப் போனான். அன்று கடைக்கு வந்த ஒரே போன் அது. ஜவாத் அதைத் துடைத்து, கணிப்பானைத் திறந்து, ஒன்று முதல் ஒன்பது வரை அழுத்திப் பார்த்து, எடுத்து வைத்தார்.

பதின்மூன்றாம் திகதி, திங்கட்கிழமை. காலை ஏழேகாலுக்குச் சுபியான் போன் எடுத்தான்.

“மச்சான், வடக்குப் பக்கம் எனக்குச் சந்தேகமா இரிக்கி. ஒருக்கா வந்து பாத்துத் தாங்களேன்.”

“என்னத்தால பாக்கிற சுபியான்?”

 “ஓம், மறந்திட்டன்” என்றான். வைத்துவிட்டான்.

ஜவாத் முற்றத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். கடை திறக்கும் நேரம் தாண்டியிருந்தது. எங்கோ போக ஆயத்தமாகி றாபியா உள்ளேயிருந்து வந்தாள். கையில், பன்னிரண்டாம் படத்தில் இருந்த அவளுடைய அதே கறுப்பு ஹபாயா. உள்ளே முழுநீளத்துக்கு உள்துணி வைத்துத் தானே தைத்திருந்தாள். தையலை அவர் கவனித்தார். நெருக்கமாக, ஒரே அளவில், இரண்டு வரிசை ஓடியிருந்தது.

அவள் கோபமாக இல்லை. அதுதான் அவரை அதிகம் கலக்கியது. வெயில் விழும் பக்கமாகத் துணியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள்.

“இஞ்சாருங்க. ஊருல ஆரையும் நான் கேக்கல்ல. ஒங்களத்தான் கேக்கிறன். நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. இப்ப தெரியுமா?”

“தெரியா றாபியா.”

“பாத்துட்டா சொல்றீங்க?”

ஜவாத் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு துணியைப் பார்த்தார். அவருடைய கண்ணுக்கு அது கறுப்பாகத் தெரிந்தது.

“பாக்கிறதுக்குக் கெமரா இல்லையே” என்றார்.

அவள் துணியைத் தாழ்த்தினாள். பிறகு மடித்துக் கையில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். அன்று அவள் போக இருந்த இடத்துக்குப் போகவில்லை.